உறுதிமொழியின் வாசலில் குழந்தை: சாரணர் இயக்கமும் இறைநம்பிக்கை நிபந்தனையும்

கேள்வியும் அதன் எல்லையும்

ஒரு சமய அமைப்பு தன் சமயத்துக் குழந்தைகளுக்காக நடத்தும் இளையோர் குழுவில் சேர அந்தச் சமய நம்பிக்கை வேண்டும் என்று கேட்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தேவாலயத்தின் ஞாயிறு பள்ளிக்கோ திருமுறை வகுப்புக்கோ வரும் குழந்தை எங்கே வருகிறது என்பது பெற்றோருக்கும் குழந்தைக்கும் முன்னரே தெரியும். எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது என்று தன்னை அறிவித்துக்கொண்டு, பள்ளிகளின் வழியாக உறுப்பினர்களைத் திரட்டி, அரசின் ஏற்பையும் சலுகைகளையும் பெற்று நடக்கும் பொது இயக்கம் ஒன்று, கடவுளுக்குக் கடமைப்பட்டிருப்பதாக வாய்திறந்து சொன்னால்தான் உறுப்பினராகலாம் என்று கூறும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. உலகின் மிகப் பெரிய இளையோர் இயக்கங்களுள் ஒன்றான சாரணர் இயக்கமும் அதன் உடன்பிறப்பான சாரணியர் இயக்கமும் இந்தச் சிக்கலை நூறாண்டுக்கும் மேலாகச் சுமந்து வருகின்றன.

சாரணர் ஆவதற்கான வாசல் சின்னஞ்சூட்டு விழா. சீருடையில் வந்து நிற்கும் குழந்தை, வலக்கைச் சுண்டுவிரலைக் கட்டைவிரலால் மடக்கிப் பிடித்து, நடுவிலுள்ள மூன்று விரல்களையும் நிமிர்த்தி, தன் மதிப்பின் மீது ஆணையாக உறுதிமொழி சொல்கிறது. நிமிர்ந்த மூன்று விரல்களும் உறுதிமொழியின் மூன்று பகுதிகளைக் குறிப்பதாகக் கற்பிக்கப்படுகிறது: கடவுளுக்கும் நாட்டுக்கும் ஆற்றும் கடமை, பிறருக்குச் செய்யும் உதவி, சாரணர் சட்டத்துக்குக் கீழ்ப்படிதல். அதன்பின் படைத் தலைவர் சின்னத்தைக் குத்தி, இடக்கையால் கைகுலுக்குகிறார். முதல் விரலுக்குரிய சொற்களைச் சொல்ல இயலாத குழந்தைக்குச் சின்னம் உண்டா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இதைப் பற்றிய விவாதங்களில் மூன்று செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது வழக்கம். இயக்கம் எந்த விழுமியங்களின் மேல் நிற்கிறது என்பது ஒன்று. குழந்தைகளை வழிநடத்தும் பெரியவர்களிடம் அது என்ன கேட்கலாம் என்பது இன்னொன்று. சேர வரும் குழந்தையிடம் என்ன கேட்கலாம் என்பது வேறொன்று. முதல் இரண்டுக்கும் சொல்லப்படும் நியாயங்களை மூன்றாவதற்கும் அப்படியே நீட்டிவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

தொடக்கத்தில் இருந்த நெகிழ்வு

1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களுடன் நடந்த முகாமும், 1908இல் பகுதி பகுதியாக வெளிவந்த ‘ஸ்கௌட்டிங் ஃபார் பாய்ஸ்’ நூலும் இயக்கத்தின் தொடக்கம். அந்நூலின் உறுதிமொழியிலேயே கடவுளுக்கும் மன்னருக்கும் ஆற்றும் கடமை முதலிடம் பெற்றது. இயக்கத்தை நிறுவிய பேடன் பவலின் தந்தை ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியராக இருந்த சமய குரு. டார்வினின் கருத்துகளை வரவேற்ற தாராளச் சிந்தனையாளர். மகனின் சமயப் பார்வையும் திருச்சபைக் கோட்பாடுகளைவிட இயற்கையை அறிதலையும் பிறருக்கு உதவுதலையுமே பற்றி நின்றது. ஆயினும் கடவுள் நம்பிக்கை இல்லாத மனிதனால் பெரிய பயன் இல்லை என்றும் அவர் எழுதினார். சமயம் இயக்கத்தின் ஒரு பக்கம் என்று சொல்வதற்கில்லை, இயக்கம் முழுவதுமே அதன்மேல் எழுந்தது என்ற கருத்தைப் பிற்காலத்தில் வலியுறுத்தவும் செய்தார்.

இந்த இரட்டை மரபை அறிஞர்கள் ஒரே விதமாகப் படிக்கவில்லை. மைக்கேல் ரோசந்தால் 1986இல் வெளியிட்ட ‘தி கேரக்டர் ஃபேக்டரி’ என்னும் ஆய்வு, பேரரசுக்குப் பயன்படும் கீழ்ப்படிதலுள்ள குடிமக்களை வார்க்கும் முயற்சியாகவே சாரணியத்தைக் காண்கிறது. அப்பார்வையில் கடவுளும் மன்னரும் ஒரே தொடரில் அமைந்தது தற்செயலாகாது. இரண்டும் கீழ்ப்படிதலின் இரு முகங்கள். 1989இல் பேடன் பவலின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய டிம் ஜீல் இந்த வாசிப்பை மறுத்து, அவருடைய முரண்பாடுகளையும் விளையாட்டுத்தன்மையையும் முன்னிறுத்துகிறார். இருவரில் எவர் சரி என்று இங்கே தீர்க்க வேண்டியதில்லை. குழந்தையின் உள்ளத்து நம்பிக்கையைச் சோதித்து அறியும் கருவியாக அந்த உறுதிமொழி உருவாகவில்லை என்பதற்கு இரு வாசிப்புகளும் இடம் தருகின்றன. ஒன்றில் அது கட்டுப்பாட்டின் சொல், மற்றதில் ஊக்கத்தின் சொல்.

பிரான்ஸ் நாட்டின் வரலாறு இந்த நெகிழ்வைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே 1911இலேயே சமயச் சார்பற்ற ‘எக்லேரர் த ஃபிரான்ஸ்’ தோன்றியது. புராட்டஸ்தாந்துச் சிறுவர்களுக்குத் தனி அமைப்பும், 1920இல் கத்தோலிக்கர்களுக்கு ‘ஸ்கௌட் த ஃபிரான்ஸ்’ அமைப்பும், 1923இல் யூதர்களுக்கு ஒன்றும், நெடுங்காலத்திற்குப் பின் இசுலாமியர்களுக்கு ஒன்றுமாகக் கிளைகள் பெருகின. இவை ஒரே தேசியக் கூட்டமைப்பின் கீழ் இணைந்து உலகச் சாரணர் குடும்பத்தில் இருக்கின்றன. குழந்தை எந்த வாசல் வழியே வந்தாலும் சாரணர்தான். கடவுளைச் சொல்லாத சாரணர் பிரிவு ஒன்று நூறாண்டுக்கு மேல் நிலைத்திருப்பது, இறைநம்பிக்கை இல்லையேல் சாரணியமே இல்லை என்னும் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று.

அமெரிக்க நீதிமன்றங்களில்

நெகிழ்வு இறுகியது அமெரிக்காவில். 1910இல் தொடங்கப்பெற்று 1916இல் நாடாளுமன்றத்தின் தனிப் பட்டயம் பெற்ற அமெரிக்கச் சாரணர் அமைப்பு, பேடன் பவலின் சட்டத்தோடு துணிவு, தூய்மை, இறைபக்தி ஆகிய மூன்றையும் 1911இல் சேர்த்துப் பன்னிரண்டு விதிகளாக்கியது. கடவுளுக்குக் கடமைப்பட்டிருப்பதை ஏற்காத எவரும் மிகச் சிறந்த குடிமகனாக வளர முடியாது என்று கூறும் சமயக் கோட்பாட்டு அறிவிப்பு ஒன்றும் அதன் விதிகளில் இடம்பெற்றது. எந்தச் சமயத்தையும் சாராத அமைப்பு என்று அதே அறிவிப்பில் அவ்வமைப்பு தன்னைக் கூறிக்கொள்கிறது. எந்தக் கடவுள் என்பதைக் குடும்பத்துக்கு விட்டுவிட்டு, கடவுள் உண்டு என்பதை மட்டும் அமைப்பு தன் கையில் வைத்துக்கொண்டது.

1989இல் இல்லினாய் மாநிலத்தில் ஒன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், மிக இளைய சிறுவர்கள் பெற்றோர் ஒருவருடன் சேர்ந்து பங்கேற்கும் ‘டைகர் கப்ஸ்’ பிரிவில் சேர விரும்பினான். தந்தையும் மகனும் சமயக் கோட்பாட்டை ஏற்க மறுத்ததால் இருவரும் சேர்க்கப்படவில்லை. வெல்ஷ் வழக்கு என்று அறியப்படும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. அந்தத் தந்தை வியட்நாம் போர்க்காலத்தில் மனச்சாட்சியின் காரணமாகப் படைச்சேவையை மறுத்தவர். ஆழமாகக் கொண்ட அறநம்பிக்கை, அதை உடையவர் சமயம் என்று பெயரிடாவிட்டாலும், சமய நம்பிக்கைக்குரிய பாதுகாப்பைப் பெறும் என்னும் முடிவை 1970இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பெற்றவர். போருக்குப் போக மறுத்த தந்தைக்கு அரசு அளித்த மதிப்பை, கூடாரம் அடிக்கக் கற்க விரும்பிய மகனுக்குச் சாரணர் அமைப்பு அளிக்கவில்லை. 1993இல் ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டம் விடுதி, உணவகம், அரங்கம் போன்ற பொதுப் பயன்பாட்டு இடங்களுக்கே பொருந்தும், இடத்தோடு பிணைப்பில்லாத உறுப்பினர் அமைப்புக்குப் பொருந்தாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது.

கலிஃபோர்னியாவில் குருளையர் எனப்படும் இளஞ்சிறுவர் படையில் ஏற்கெனவே இருந்த இரட்டைச் சகோதரர்கள் உறுதிமொழியில் கடவுள் என்னும் சொல்லைச் சொல்ல மறுத்தனர். கீழ்நிலை நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றதால் வழக்கு நடந்த காலம் முழுவதும் அவர்கள் படையில் தொடர்ந்தனர். 1998 மார்ச் 23 அன்று மாநில உச்ச நீதிமன்றம், சாரணர் அமைப்பு வணிக நிறுவனம் ஆகாது என்பதால் மாநிலத்தின் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. 2000இல் டேல் வழக்கில், தற்பால் ஈர்ப்புடைய உதவிப் படைத் தலைவரை நீக்கியது பற்றிய முடிவில், நாட்டின் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கருத்தை வெளிப்படுத்தும் நோக்கமுள்ள சங்கம் தன் உறுப்பினர்களைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் பாதுகாப்புடையது என்று கூறியபின், அமைப்பின் சட்ட நிலை மேலும் உறுதிப்பட்டது.

இத்தீர்ப்புகளைக் கூர்ந்து படிப்பவருக்கு ஒரு செய்தி புலப்படும். இவற்றில் எதுவும் குழந்தையிடம் நம்பிக்கை கேட்பது நல்லது என்றோ நியாயம் என்றோ கூறவில்லை. சட்டம் தடுக்கவில்லை என்றே கூறின. சட்டம் தடுக்காததை அறம் ஏற்றுக்கொண்டதாகப் பிற்கால ஆதரவாளர்கள் எழுதியது பிழையான பாய்ச்சல். தனியார் சங்கம் என்ற வாதத்தால் வென்ற அமைப்பு, பொதுப் பள்ளிகளில் கூட்டம் நடத்தும் வாய்ப்பை உறுதிசெய்யும் தனிச் சட்டப் பிரிவையும் 2001ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழியே பெற்றது. உள்ளே வருவோரைத் தெரிவதற்குத் தனியார், இடம் கேட்பதற்குப் பொது என்னும் இந்த நிலை நேர்மையானதாகத் தோன்றவில்லை.

அமைப்பின் நடைமுறைக்குள்ளேயே இன்னொரு முரண் இருந்தது. படைத்துக் காக்கும் இறைவன் என்ற கருத்தை ஏற்காத பௌத்தக் குடும்பங்களின் சிறுவர்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அவர்களுக்கெனச் சமய விருதும் உண்டு. சமணச் சிறுவர்களுக்கும் அவ்வாறே. ஆகவே நிபந்தனை உண்மையில் கடவுளைப் பற்றியது என்று சொல்ல இயலாது. ஏற்கப்பட்ட ஒரு மரபின் பெயரைச் சொல்லும் குழந்தைக்கு வாசல் திறந்தது, அதே கருத்தை மரபுப் பெயரின்றிச் சொன்ன குழந்தைக்குத் திறக்கவில்லை. அதே நாட்டில் சாரணியர் அமைப்பு 1993இல் கடவுள் என்னும் சொல்லுக்குப் பதிலாக அவரவர் நம்பிக்கைக்கேற்ற சொல்லைச் சொல்லலாம் என்று முடிவெடுத்தது. ஒரே தெருவில் வளரும் அண்ணனுக்கும் தங்கைக்கும் இரு வேறு விதிகள் அமைந்தன.

பிரிட்டனின் இரண்டு முடிவுகள்

பிரிட்டனில் வழக்குகளைவிடச் சட்டமியற்றலும் உள்விவாதமும் இக்கேள்வியைத் தீர்மானித்தன. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 193ஆம் பிரிவில், சமய நம்பிக்கையை ஏற்பதாகக் கூறும் வாசகத்தை உறுப்பினர்களிடம் கேட்கும் அறக்கட்டளைகளுக்கு விலக்கு உண்டு. 2005 மே 18க்கு முன்பே அவ்வாறு கேட்கத் தொடங்கி, அதன்பின் இடையறாமல் கேட்டுவரும் அமைப்புக்கே அந்த விலக்கு என்பது நிபந்தனை. சாரணர், சாரணியர் உறுதிமொழிகளின் வடிவத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும் விதி இது. பழைய வழக்கத்துக்கு இடம் தந்த சட்டம், புதிதாக அப்படியொரு வழக்கத்தைத் தொடங்க எவருக்கும் இடம் தரவில்லை என்பது கவனத்துக்குரியது. விதிவிலக்கு அளிக்கும்போதே அது பொது நெறி ஆகாது என்று சட்டம் சொல்லிவிட்டது.

சட்டம் வற்புறுத்தாத நிலையிலும் 2013இல் இரண்டு அமைப்புகளும் மாற்றத்துக்கு வந்தன. வந்த வழிகள்தாம் வேறு. சாரணியர் அமைப்பு 1994இலேயே கடவுளுக்குக் கடமை என்பதை என் கடவுளை நேசிப்பேன் என்று மென்மையாக்கியிருந்தது. ஏறத்தாழ 44,000 பேரின் கருத்தைக் கேட்டபின், 2013 செப்டம்பர் முதல் அந்தத் தொடரை முற்றிலும் நீக்கி, தனக்குத் தான் உண்மையாக இருந்து தன் நம்பிக்கைகளை வளர்த்துக்கொள்வதாக அமைந்த ஒரே வாசகத்தை எல்லோருக்கும் வைத்தது. முந்தைய ஆண்டில் ஆஸ்திரேலியச் சாரணியர் ஏற்ற வாசகத்தின் சாயல் இதில் உண்டு. சாரணர் அமைப்போ பழைய வாசகத்தைக் கைவிடவில்லை. இசுலாமியர் அல்லாஹ் என்றும் இந்துக்களும் பௌத்தர்களும் தர்மம் என்றும் சொல்ல முன்பே இருந்த வழியோடு, சமய நம்பிக்கை இல்லாதவர் சாரணர் விழுமியங்களைப் பேணுவேன் என்று சொல்லும் மாற்று வாசகத்தை 2014 ஜனவரி முதல் சேர்த்துக்கொண்டது. ஆறு வயதிலேயே சேரும் ‘பீவர்’ குழந்தைகள், கடவுளை நேசிப்பேன் என்பதற்கு மாற்றாக நம் உலகை நேசிப்பேன் என்று சொல்லலாம்.

இவ்விரண்டில் இரண்டாவதே மேலானது. சாரணியரின் வாசகம் எவரையும் வெளியே நிறுத்தவில்லை என்பது உண்மை. ஆனால் தன் கடவுளின் பெயரைச் சொல்லி உறுதி ஏற்க விரும்பும் சிறுமியின் வாயிலிருந்து அந்தப் பெயரை அது எடுத்துவிடுகிறது. சமயக் குடும்பங்கள் சிலவும் வழிகாட்டிகள் சிலரும் அப்போது எழுப்பிய எதிர்ப்பைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடலாகாது. மனச்சாட்சியைக் காப்பதற்காகச் செய்யப்படும் திருத்தம், நம்புகிறவரின் மனச்சாட்சியையும் சேர்த்தே காக்க வேண்டும். பல வாசகங்களை அருகருகே வைப்பது விழாவின் ஒருமையைக் கெடுக்கும் என்ற அச்சம் இருந்தது. ஒரே படையில் வேறு வேறு சொற்களில் உறுதியேற்ற குழந்தைகள் ஒரே கூடாரத்தைத்தான் சேர்ந்து அடிக்கிறார்கள்.

நிபந்தனைக்கு ஆதரவான வாதங்கள்

நிபந்தனையை ஆதரிப்போரின் வாதங்களுள் வலுவானது சங்கம் சேரும் உரிமை பற்றியது. ஒரு சங்கம் தன் அடையாளத்தைத் தானே வரையறுக்க முடியாமற்போனால், முதலில் பாதிக்கப்படுவோர் சிறுபான்மையினர். யூத இளையோர் மன்றமோ இசுலாமிய மாணவர் சங்கமோ தன் இயல்போடு நிலைக்க முடியாது. இது மெய்யான ஆபத்து. ஆனால் சாரணர் இயக்கத்தின் சொந்த வரையறையே, தோற்றம், இனம், சமயம் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் திறந்த இயக்கம் என்று கூறுகிறது. தன்னைக் குறுகிய வட்டமாக அறிவித்துக்கொண்ட சங்கத்தின் உரிமையை, தன்னைப் பொதுவெளியாக அறிவித்துக்கொண்ட இயக்கம் கடனாகப் பெற முடியாது.

இரண்டாவது வாதம், உறுதிமொழி நிலவரத்தைச் சொல்வதில்லை, நோக்கத்தைச் சொல்கிறது என்பது. இயன்றவரை முயல்வேன் என்றுதான் குழந்தை சொல்கிறது. கடவுள் யார், கடமை எது என்பதை வளர வளரத் தேடிக்கொள்ளலாம். உலகச் சாரணர் அமைப்பின் விதிகளும் கடவுளுக்கான கடமையை ஆன்மிக நெறிகளைப் பற்றி நிற்றல் என்று விரிவாகவே விளக்குகின்றன. இந்த விளக்கத்தை மனமார ஏற்கலாம். ஏற்றால், தேடிப் பார்த்தும் கண்டடையாத குழந்தைக்கும், வேறு சொல்லால் அதே தேடலைச் சொல்லும் குழந்தைக்கும் உள்ளே இடம் இருக்க வேண்டும். 2002இல் வாஷிங்டன் மாநிலத்தில், அமெரிக்கச் சாரணியத்தின் உச்சப் படியான ‘ஈகிள்’ நிலையை அடைந்த 19 வயது இளைஞர் ஒருவர், தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னதால் நீக்கப்பட்டார். எல்லாத் தகுதிகளையும் நிறைவுசெய்து சிறுவர்களுக்கு உதவிக்கொண்டிருந்தவரை அந்த ஒரு மறுமொழி வெளியேற்றியது என்றால், உறுதிமொழி தேடலுக்கான அழைப்பு என்ற விளக்கம் நடைமுறையில் பின்பற்றப்படவில்லை.

குழந்தை நம்புகிறது என்பதன் பொருள்

இவ்விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்பட்டது குழந்தை. ஆறு, ஏழு வயதுக் குழந்தை கடவுளை நம்புகிறேன் என்று சொல்வது எதைக் குறிக்கிறது? ஜேம்ஸ் ஃபவுலர் 1981இல் வெளியிட்ட ‘ஸ்டேஜஸ் ஆஃப் ஃபெயித்’ நூல், நம்பிக்கை படிப்படியாக வளர்வது என்றும், பள்ளி வயதின் தொடக்கத்தில் குழந்தை தன்னைச் சூழ்ந்தோரின் கதைகளையும் சடங்குகளையும் சொல்லுக்குச் சொல் உண்மையாக ஏற்கிறது என்றும், அவற்றைத் தன்னளவில் சீர்தூக்கித் தனதாக்கிக்கொள்வது பதின்ம வயதையும் கடந்தே நிகழ்கிறது என்றும் வாதிடுகிறது. ஃபவுலரின் படிநிலைகள் எல்லாப் பண்பாடுகளுக்கும் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானதே. ஆயினும் சிறு குழந்தையின் நம்பிக்கையில் பெரும்பகுதி வீட்டின் நம்பிக்கை என்பதை மறுப்போர் இல்லை. அப்படியானால் சேர்க்கைப் படிவம் சோதிப்பது பெற்றோரை. அதன் விளைவை ஏற்பது குழந்தை. இது குற்றமற்றவர்மேல் சுமத்தப்படும் விளைவு என்பதை வேறு எந்தச் சொல்லாலும் மறைக்க முடியாது.

இந்தியாவின் 1969ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டம் இந்த இடத்தில் நல்ல ஒளி தருகிறது. சாட்சி சொல்ல வரும் குழந்தை 12 வயதுக்குட்பட்டதாக இருந்து, உண்மை பேசும் கடமையை அது உணர்ந்திருந்தாலும் பிரமாணத்தின் தன்மையைப் புரிந்துகொள்ளவில்லை என்று நீதிமன்றம் கருதினால், பிரமாணம் இல்லாமலே அக்குழந்தையின் சாட்சியத்தைப் பெறலாம். ஒருவரின் விடுதலையே கேள்விக்குள்ளாகும் நீதிமன்றம் குழந்தைக்குத் தரும் இந்தச் சலுகையை, முடிச்சுப் போடவும் முதலுதவி செய்யவும் கற்றுத்தரும் படை தர மறுப்பதற்குக் காரணம் ஏதும் இல்லை.

1989 நவம்பரில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, எண்ணம், மனச்சாட்சி, சமயம் ஆகியவற்றில் குழந்தைக்குள்ள சுதந்திரத்தை மதிக்க வேண்டும் என்கிறது. குழந்தையின் வளரும் ஆற்றலுக்கேற்ப வழிகாட்டும் உரிமையையும் கடமையையும் பெற்றோருக்கு வைக்கிறது. வழிகாட்டுவோராக அங்கே சொல்லப்படுவோர் பெற்றோரும் சட்டப்படியான காப்பாளரும். படைத் தலைவர் அல்லர். இந்தியா 1992இல் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. பிரிட்டனும் இணைந்துள்ளது. அமெரிக்கா இன்னும் உறுதிசெய்யவில்லை.

இவற்றைவிட அடிப்படையான காரணம் சாரணர் சட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. சாரணர் நம்பத்தக்கவர் என்பதே அதன் முதல் விதி. நம்பிக்கையில்லாத சிறுமி நட்புக்காகவும் முகாமுக்காகவும் அந்தச் சொல்லை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டால் சின்னம் கிடைக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை அக்கா என்று வழிகாட்டியிடம் உண்மையைச் சொன்னால் கிடைப்பதில்லை. பொய் சொன்னவளை ஏற்று, மெய் சொன்னவளைத் திருப்பி அனுப்பும் விதி, அவள் சாரணியத்திலிருந்து கற்க வேண்டிய முதல் பாடத்தையே வாசலில் தலைகீழாகக் கற்பிக்கிறது. இதைக் கண்டும் சும்மா இருப்பது இயக்கத்தை நேசிப்போருக்குத் தகாது.

இந்தியாவின் அடிக்குறிப்பு

1909இல் பெங்களூரில் தொடங்கிய சாரணியம் இந்தியச் சிறுவர்களுக்குத் தொடக்கத்தில் உரியதாக இருக்கவில்லை. அந்தத் தடையை எதிர்த்தே அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினார். அச்சிறுவர்கள் இந்தியத் தலைப்பாகை அணிந்து இந்தியப் பாடல்களைப் பாடினர். 1921இல் பேடன் பவலின் வருகையின்போது அச்சங்கம் தாய் அமைப்போடு இணைந்தது. பெசன்ட்டின் முந்தைய வாழ்க்கை இந்தக் கேள்வியோடு நேரே தொடர்புடையது. பிரம்மஞான சபைக்கு வருமுன் அவர் இங்கிலாந்தில் நாத்திகராக இருந்தவர். சார்லஸ் பிராட்லாவின் தோழர். கடவுள் பெயரால் உறுதியேற்பது பற்றிய தகராறால், 1880இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிராட்லா 1886 வரை நாடாளுமன்ற இருக்கையில் நிலையாக அமர முடியவில்லை. அப்போராட்டத்தின் விளைவாகவே 1888ஆம் ஆண்டுச் சட்டம் கடவுள் பெயரின்றி உறுதிகூறும் உரிமையை எல்லோருக்கும் வழங்கியது. பெசன்ட்டோ நாத்திகமும் குடும்பக் கட்டுப்பாட்டு நூலை வெளியிட்டதும் காரணங்களாகக் காட்டப்பட்டு, 1878இல் தம் மகளைத் தம்மிடம் வைத்திருக்கும் உரிமையை நீதிமன்றத்தில் இழந்தார். நம்பிக்கையின்மைக்காகத் தாயிடமிருந்து குழந்தை பிரிக்கப்பட்டதை அனுபவித்த ஒருவர், ஒதுக்கப்பட்ட சிறுவர்களுக்காகச் சென்னையில் ஒரு சாரணர் சங்கம் அமைத்தார் என்பது இந்தியச் சாரணிய வரலாற்றில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டிய செய்தி.

விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7 அன்று உருவான பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் உறுதிமொழியிலும் கடவுளுக்கும் நாட்டுக்கும் ஆற்றும் கடமை முதலில் வருகிறது. அதன் கீழே ஓர் அடிக்குறிப்பு உண்டு: விரும்புவோர் கடவுள் என்பதற்குப் பதிலாகத் தர்மம் என்று சொல்லலாம். சமணரும் பௌத்தரும் நாத்திகரும் வாழும் நாட்டில் எழுதப்பட்ட தொலைநோக்குள்ள குறிப்பு இது. அமெரிக்க நீதிமன்றங்களில் பல ஆண்டு வழக்காடியும் தீராத சிக்கலுக்கு இங்கே ஒற்றை வரியில் வழி இருக்கிறது. ஆனால் குறிப்பு அச்சில் இருப்பது வேறு, அது குழந்தையின் காதில் விழுவது வேறு. ஐம்பது குழந்தைகள் வரிசையில் நின்று ஒரே குரலில் உறுதிமொழி சொல்லும் பள்ளி மைதானத்தில் தெரிவு என்று ஒன்று இருப்பதைக் குழந்தை எப்படி அறியும்? இயக்கத்தின் கூட்டங்களில் பாடப்படும் ‘தயா கர்’ பிரார்த்தனைக்கு அத்தகைய மாற்றும் இல்லை. அரசின் ஏற்போ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில், காப்பாளரின் இசைவின்றி எந்தச் சிறுவரையும் வழிபாட்டில் கலந்துகொள்ளச் செய்யலாகாது என்று கூறும் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவின் நோக்கத்தோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும்.

நாட்டுப்பண் பாட மறுத்ததற்காகக் கேரளத்தில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகளின் வழக்கில், அவர்கள் மரியாதையோடு எழுந்து நின்றதே போதும், பாடும்படி கட்டாயப்படுத்துவது மனச்சாட்சி உரிமைக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. அங்கே காக்கப்பட்டது ஆழ்ந்த சமய நம்பிக்கை; சாரணர் வாசலில் காக்க வேண்டியது பெரும்பாலும் நம்பிக்கையின்மை. மனச்சாட்சி என்னும் அளவில் இரண்டுக்கும் வேறுபாடு காண முடியாது. பெரியவர்களைப் பொறுத்தவரை இந்த நாடு இதை எப்போதோ ஏற்றுவிட்டது. அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை கடவுள் பெயராலும் உளமாரவும் உறுதிகூற வழி வைத்திருக்கிறது, தமிழ்நாட்டு அமைச்சர்கள் பலர் ஆளுநர் முன் உளமார உறுதிகூறிப் பதவியேற்பதை மக்கள் பல பத்தாண்டுகளாகக் கண்டுவருகின்றனர்.

எனவே இங்கே புதிய சட்டம் தேவையில்லை. பள்ளிகளில் படை நடத்தும் சாரண ஆசிரியர்களும் குருளையர் தலைவர்களும், இளஞ்சிறுமியர் பிரிவான நீலப்பறவையரின் தலைவர்களும் சின்னஞ்சூட்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்பே அந்த அடிக்குறிப்பைக் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். எந்தச் சொல்லைத் தெரிந்தார்கள் என்று எவரிடமும் காரணம் கேட்கக் கூடாது. பிரார்த்தனை நேரத்தில் பாடாமல் அமைதியாக நிற்கும் குழந்தையைக் கடிந்துகொள்ளவும் கூடாது. மாநிலத் தலைமையகம் இதை ஒரு சுற்றறிக்கையாக அனுப்பினால், வரும் கல்வியாண்டின் முதல் சின்னஞ்சூட்டு விழாவிலிருந்தே நடைமுறைப்படுத்திவிடலாம்.